செல்ஃப் எடுக்கவில்லை

எங்கள் பக்கத்தில் கார் கிளம்பவில்லை என்றால் யாரும் பேட்டரி தீர்ந்துவிட்டதா என்று கேட்பதில்லை. "செல்ஃப் எடுக்கலையா?" என்றுதான் கேட்பார்கள். சாவியைத் திருப்பியதும் இன்ஜினைச் சுழற்றிவிடும் மோட்டாருக்கு செல்ஃப் என்று பெயர். செல்ஃப் ஸ்டார்ட்டர் என்ற சொல்லின் பின்பாதியை ஒர்க்‌ஷாப்காரர்கள் எப்போதோ உதிர்த்துவிட்டார்கள். இருபது வருடங்களாகத் தமிழ் நடத்துகிறேன். சொற்கள் தேய்வது எனக்குப் புதிதில்லை. ஆனால் 2023 ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை, காலை ஐந்தேகாலுக்கு, அம்மாவைப் பின் இருக்கையில் உட்காரவைத்துவிட்டு நான் சாவியைத் திருப்பியபோது, எதிர்வீட்டு அண்ணன் பல் துலக்கியபடியே வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் ஆறு மணிக்கு முதல் ஷிப்ட். நாங்கள் இருப்பது சேலையூர் தாண்டி. அம்மாவை விட்டுவிட்டு, சித்தி வந்ததும், வண்டலூர் பக்கம் இருக்கும் என் கல்லூரிக்குப் போய்விடுவேன். ஆறேகாலுக்கு மேல் தாமதமானால் அந்த மிஷினில் அடுத்தவரை ஏற்றிவிடுவார்கள். அன்றைக்கு ஆப்பில் போட்ட மூன்று டாக்ஸிகளும் கேன்சல் ஆகி, கடைசியில் கேம்ப் ரோடில் பால் வண்டிக்குப் பின்னால் நின்றிருந்த ஆட்டோவைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது ஆறு இருபத்தைந்து. அந்த நர்ஸ் நல்லவர். இடத்தை விடாமல் பிடித்து வைத்திருந்தார். இருந்தாலும் அம்மா என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "எல்லாம் அந்தப் பாட்டுப் பொட்டியாலதான்."

பாட்டுப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கார் பழைய வேகன் ஆர். என் பணத்தில் வாங்கியது. அதில் ஜூலைக் கடைசியில் 21,000 ரூபாய் கொடுத்து ஒரு ஸ்டீரியோ, நான்கு ஸ்பீக்கர், பயணி இருக்கைக்கு அடியில் ஓர் ஆம்ப்ளிஃபயர், டிக்கியில் ஒரு சப்-ஊஃபர் எல்லாம் பொருத்தினேன். "யாருக்கு மேடம், பையனுக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். எனக்குப் பையன் இல்லை. எனக்குத்தான் என்றேன். காலேஜ் டீச்சருக்கு சப்-ஊஃபர் எதற்கு என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

என் முனைவர் பட்ட ஆய்வு பெண்களின் வேலைப் பாடல்களும் ஒப்பாரியும் பற்றியது. 2002 முதல் 2005 வரை மதுராந்தகம் சுற்றுவட்டாரத்தில் கேசட்டில் பதிவு செய்தேன். நாற்பத்தோரு கேசட்டுகள். அதில் ஏழில் என் பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா பாடுகிறார். அவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றியபின் போனில் கேட்டால் இரைச்சலும் ஒரு மெல்லிய குரலும் மட்டும் வரும். நெல் குத்தும் பாட்டில் குரலைத் தூக்கிப் பிடிப்பது உலக்கைச் சத்தம். அது போன் ஸ்பீக்கரில் வரவே வராது. தாழ்ந்த ஒலிகளை எழுப்ப அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால் ஆகாது. ஹெட்போன் மாட்டினால் எனக்குக் கேட்கும். அம்மா தலையில் எதையும் மாட்டவிட மாட்டார். வீட்டில் சத்தமாக வைத்தால், இரண்டு பிளாட்டுக்கு நடுவில் ஒரே சுவர், ஒப்பாரி வேறு. கீழ்வீட்டில் நல்ல காரியம் ஏதாவது இருந்தால் முடிந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்ட கார்தான் எங்கள் இருவருக்கும் மிச்சமிருந்த அறை. முதல் நாள் சானட்டோரியம் தாண்டும்போது அந்த உலக்கை நெஞ்சில் இடித்தது. அம்மா முன்னிருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அக்காவா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

திரும்பக் காருக்கு வருகிறேன். அன்று மாலை வந்த மெக்கானிக், ஜம்ப் கேபிள் போட்டுக் கிளப்பிவிட்டு, "மேடம், லைட்டை ஆஃப் பண்ணாம போயிருப்பீங்க" என்றார். கோயம்புத்தூரிலிருந்து தம்பி போனில், "லைட்டைப் போட்டபடியே வந்திருப்பக்கா, நீ யோசனையிலேயே இருப்ப" என்றான். எதிர்வீட்டு அண்ணனும் அதைத்தான் சொன்னார். நானே அப்படித்தான் நினைத்தேன். மூன்று பேர் சொன்னால் நினைக்காமல் எப்படி இருப்பது? செப்டம்பர் தொடக்கத்தில் இன்னொரு திங்கட்கிழமை அதேபோல ஆனது. அதற்குப்பின் ஒவ்வொரு நாளும் காரை நிறுத்தியதும் லைட் ஸ்விட்சை போனில் படம் எடுக்க ஆரம்பித்தேன். தேதி, நேரத்தோடு. உள் விளக்கு, டிக்கி, நான்கு கதவு. மெக்கானிக்கிடம் அந்தப் படங்களைக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்தார். "அப்போ பேட்டரி வயசாயிடுச்சு மேடம். மாத்திடுங்க. நீங்க வண்டி ஓட்டறதும் கம்மி இல்ல." 4,200 ரூபாய்க்குப் புது பேட்டரி வாங்கினேன்.

வண்டியில் பேட்டரி எதற்காக வந்தது என்ற கதை எனக்குப் பிடித்தமானது. ஆரம்பகாலப் பெட்ரோல் கார்களை முன்னால் நின்று இரும்புப் பிடியைக் கையால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு முறியும். 1912ஆம் வருட மாடல் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. இனிப் பெண்களும் தனியாகக் கார் எடுத்துக்கொண்டு போகலாம் என்று கம்பெனிகள் விளம்பரம் செய்தன. ஆண்களின் மணிக்கட்டும் தப்பித்தது, அதை விளம்பரத்தில் அவ்வளவாகச் சொல்லவில்லை. எப்படியோ, தனியாகப் போக விரும்பும் பெண்ணுக்கும் பேட்டரிக்கும் நூறு வருடத்துக்கு மேலான உறவு இருக்கிறது. நான் அந்த உறவை அக்டோபர் 23 அன்று முறித்துக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

அன்று ஆயுத பூஜை. அதுவும் திங்கட்கிழமை. முந்தின நாள் மாலையே அம்மா காருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழமும் எடுத்து வைத்துவிட்டார். ஐந்து மணிக்கு சாவியைத் திருப்பினால், புது பேட்டரி, டிக் டிக் என்றது. டேஷ்போர்டு விளக்குகள் மங்கி அணைந்தன. பழம் நசுங்காமல் அப்படியே இருந்தது.

ஆட்டோவில் போகும்போதுதான் ஒன்று உறைத்தது. எப்போதும் திங்கட்கிழமை. ஒருமுறைகூடப் புதனோ வெள்ளியோ இல்லை. வெள்ளி மாலை ஐந்துக்கு நிறுத்தும் கார், சனியும் ஞாயிறும் வெளியே போகாவிட்டால், திங்கள் விடியும்வரை அறுபது மணி நேரம் சும்மா நிற்கிறது. பொருத்திய புதிதில் சனி ஞாயிறுகளில் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய் வந்தோம், அதனால் தெரியவில்லை. நான் லைட்டை மறந்திருந்தால் ஒரே இரவில் போயிருக்க வேண்டும். இது ஏதோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறது.

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் ஓர் அக்கா இருக்கிறார். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவர். பதினேழு வருடமாகத் தற்காலிகப் பணியாளர். ஆய்வகத்தில் எந்தக் கருவி பழுதானாலும் பேராசிரியர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சம்பளம் மட்டும் அவர்கள் வாங்குவதில் ஐந்தில் ஒரு பங்கு. ஸ்டாஃப் ரூமில் நான் புலம்பிக்கொண்டிருந்தபோது ரெக்கார்டு நோட்டு எடுக்க வந்தவர் நின்று கேட்டார். முதல் கேள்வியே வேறாக இருந்தது. "இது ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வண்டியில புதுசா என்ன மாட்டினீங்க மேடம்?"

இரண்டரை மாதத்தில் அதை யாரும் கேட்கவில்லை. அம்மாவைத் தவிர, அம்மா கேட்கவில்லை, சொன்னார், நான்தான் காதில் வாங்கவில்லை. பாட்டை நிறுத்தச் சொல்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன்.

அக்கா ஆய்வக மல்டிமீட்டரைக் கொடுத்து வெறும் அளவெடுக்கச் சொன்னார். பேட்டரியின் இரண்டு முனைகளையும் மீட்டரின் இரண்டு கம்பிகளால் தொட்டால் வோல்ட் தெரியும். நன்றாக சார்ஜ் ஆன பேட்டரி, இன்ஜின் நிறுத்திச் சில மணி நேரம் கழித்து, 12.6 காட்ட வேண்டும். இன்ஜின் ஓடும்போது 14ஐ ஒட்டி இருந்தால் ஆல்டர்னேட்டர் ஒழுங்காக சார்ஜ் போடுகிறது என்று அர்த்தம். என்னுடையது 14.1. ஆக அது இல்லை. வெள்ளி இரவு 12.5. சனி இரவு 12.2. ஞாயிறு காலை 12.0. நோட்டில் எழுதினேன். கள ஆய்வு நோட்டு போலவே இருந்தது.

ஞாயிறு மதியம், அக்டோபர் 29, அக்காவே பெருங்களத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். நான் பானட்டைத் திறந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "வளையலைக் கழட்டுங்க." மோதிரத்தையும். பேட்டரியின் பிளஸ் முனைக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவில் ஒரு வளையல் பட்டால் போதும், நொடியில் பழுத்துச் சதையோடு ஒட்டிக்கொள்ளும். மெக்கானிக்குகள் யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. நான் பானட்டைத் திறப்பேன் என்று அவர்கள் நினைத்ததில்லை.

செய்முறையை எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். சாவியை எடுத்துவிட வேண்டும். கதவுகள் மூடியிருக்க வேண்டும். ஃபியூஸ் பாக்ஸுக்காக ஒரு கதவைத் திறந்து வைக்க வேண்டியிருந்தால், கதவோரத்தில் உள்ள சின்ன பொத்தானை டேப்பால் அழுத்தி ஒட்டிவிட்டால் உள் விளக்கு எரியாது. பத்தாம் நம்பர் ஸ்பேனரால் மைனஸ் முனையைக் கழற்ற வேண்டும், எப்போதும் மைனஸைத்தான் முதலில். மீட்டரின் சிவப்புக் கம்பியை வோல்ட் துளையிலிருந்து பிடுங்கி 10 ஆம்பியர் என்று போட்டிருக்கும் துளையில் செருகி, திருகியையும் ஆம்பியருக்குத் திருப்ப வேண்டும். பிறகு கழற்றிய கேபிளுக்கும் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் நடுவில் மீட்டரை வைக்க வேண்டும். வோல்ட் பார்க்கப் பக்கத்தில் நின்று தொட்டால் போதும். ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் பாதையை அறுத்து நடுவில் உட்கார வேண்டும். அந்த நிலையில் தெரியாமல்கூட சாவியைத் திருப்பிவிடக் கூடாது. செல்ஃப் இழுக்கும் மின்சாரம் நூறு ஆம்பியருக்கு மேல்; மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

முதலில் ஏதேதோ எண்கள் துள்ளின. "இருங்க, வண்டி தூங்கட்டும்" என்றார் அக்கா. இருபது நிமிடம் டீ குடித்தோம். திரும்பி வந்து பார்த்தால் 0.61. நிறுத்திய காரில் கடிகாரம், ஸ்டீரியோவின் நினைவு, பூட்டு எல்லாம் சேர்ந்து 0.03, மிஞ்சினால் 0.05 ஆம்பியர் எடுக்கலாமாம். என் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. நோட்டில் வகுத்துப் பார்த்தேன். ஐம்பத்தேழு மணி நேரம். வெள்ளி மாலை ஐந்திலிருந்து எண்ணினால் திங்கள் விடிகாலை இரண்டு.

அங்கேயே திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். நான் மறதிக்காரி இல்லை என்று ஒரு இயந்திரம் சொல்லித்தான் எனக்கே நிச்சயமானது. அதில் எனக்கு இன்னும் கொஞ்சம் வெட்கம் இருக்கிறது.

அக்காவுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. முழங்காலுக்குப் பக்கத்தில் உள்ள பெட்டியிலிருந்து ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கச் சொன்னார். எதைப் பிடுங்கினால் எண் விழுகிறதோ அந்தப் பாதையில்தான் கசிவு. ரேடியோ ஃபியூஸைப் பிடுங்கியபோது விழும் என்று பந்தயம் கட்டியிருந்தேன். விழவில்லை. எல்லா ஃபியூஸையும் பிடுங்கி ஒரு தட்டில் வைத்தாயிற்று, எண் 0.6ஐ விட்டு இறங்கவில்லை. "அப்போ இந்தப் பெட்டிக்கே வராத ஏதோ ஒண்ணு" என்றார். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு தடித்த சிவப்புக் கம்பி தனியாகக் கிளம்பி உள்ளே போயிற்று. ஆம்ப்ளிஃபயருக்கு அந்தக் கடைப் பையன் நேரடியாக இழுத்தது. அதன் வழியில் ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் தனி ஃபியூஸ். அதை எடுத்தேன். 0.02.

இருக்கைக்கு அடியில் மிதியடியைத் தூக்கினால், சாவி இல்லாத காரில், ஆம்ப்ளிஃபயரின் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்த இடம் இப்போது அணைந்திருந்தது. தொட்டேன், வெதுவெதுப்பாக இருந்தது. ஏழு வாட் இருக்கும், இரவு விளக்கு அளவு. மூன்று மாதம் பகலும் இரவும் அது பாட்டு எதுவும் இல்லாமல் விழித்தே இருந்திருக்கிறது. இதை ஒரு கவிதையாக்கு என்று பிறகு ஒரு தோழி சொன்னாள். தூங்காத பெண், அணையாத விளக்கு, இன்ன பிற. வேண்டாம் என்றேன். அது தப்பாக இணைத்த கம்பி.

எந்தக் கம்பி என்றும் அக்கா காட்டினார். கடைகளில் வாங்கும் ஸ்டீரியோவின் பின்னால் பொதுவாக மஞ்சள் கம்பிக்கு எப்போதும் மின்சாரம் இருக்கும், நேரமும் நிலைய எண்களும் அழியாமல் இருக்க. சிவப்புக்கு சாவி திருப்பினால்தான். கறுப்பு எர்த். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது, ஸ்டீரியோ எழுந்ததும் ஆம்ப்ளிஃபயரை எழுப்புவதற்கு; ஸ்டீரியோ அணைந்தால் அதுவும் அணையும். என் ஆம்ப்ளிஃபயரை எழுப்பும் கம்பியை நீலத்தில் கொடுக்காமல் மஞ்சளில் முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பும் பாதி பிரிந்திருந்தது. 1888இல் பெர்த்தா பென்ஸ் கணவர் செய்த காரை எடுத்துக்கொண்டு இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து பிஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டர் ஓட்டினார். வழியில் உரசிப்போன மின்கம்பிக்குத் தன் காலுறைப் பட்டியைச் சுற்றினார் என்று சொல்வார்கள். அவர் அதைவிட ஒழுங்காகச் சுற்றியிருப்பார்.

டேப் ஒட்டும்போது அக்காவிடம் ஏ.லலிதாவைப் பற்றிச் சொன்னேன். கேள்விப்பட்டதில்லை என்றார். எலெக்ட்ரானிக்ஸ் படித்தபோது யாரும் சொல்லவில்லை. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் கொஞ்ச தூரம் போனால் வரும் கிண்டிப் பொறியியல் கல்லூரியில், 1940இல் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தவர். பதினைந்து வயதில் திருமணம், பதினெட்டில் கைம்பெண், கையில் நான்கு மாதக் குழந்தை. அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த அப்பா துணை நின்றார். 1943இல் படிப்பை முடித்து, இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரானார். பட்டச் சான்றிதழில் 'அவன்' என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு 'அவள்' என்று திருத்திக் கொடுத்தார்கள். பின்னாளில் கல்கத்தாவில் வேலை செய்தபோது பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகளுக்கான வேலையில் பங்கேற்றார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "குழந்தையை யார் பார்த்துக்கிட்டாங்க?" என்றார். சொந்தக்காரர்கள் என்றேன். "அதான்" என்றார். அவருக்கு இரண்டு பெண்கள்; டிப்ளமோவுக்குப் பிறகு பி.இ. சேர இடம் கிடைத்தும் போகவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை காரைப் பொருத்தின கடைக்குப் போனேன். நோட்டை விரித்துக் காட்டினேன். கடைக்காரர் நோட்டைப் பார்க்கவில்லை. "வீட்ல சார் யாராவது இருந்தா வரச் சொல்லுங்க மேடம், புரியவெச்சிடறேன்." சார் இல்லை என்றேன். சாவியை எடுத்துவிட்டு அந்த முறுக்கிய கம்பியில் மீட்டரை வைத்தேன். பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் 12.4. வேலை செய்த பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, அன்னிக்கு ப்ளூல வரல, அவசரத்துல யெல்லோல குடுத்துட்டேன்" என்று உண்மையைச் சொல்லிவிட்டான். பத்தொன்பது, இருபது வயதிருக்கும். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அன்றைக்கு அவனுக்கு அது ஏழாவது வண்டி. கம்பியை மாற்றிக் கொடுத்தார்கள். 4,200 ரூபாயைக் கேட்டேன். பேட்டரி அவர்கள் விற்றதில்லை என்பதால் முடியாது என்றார்கள். பழைய பேட்டரியில் குறையே இருந்திருக்காது, பதினைந்து நாளுக்கொருமுறை முழுசாக வடியவிட்டால் எந்த பேட்டரியும் சாகும் என்றேன். கார் சென்ட் ஒன்றை இலவசமாகக் கொடுத்தார். மல்லிகை வாசனை. வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மல்டிமீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் எனக்கென்று ஒன்று வாங்கினேன், 250 ரூபாய். இப்போது ஸ்டாஃப் ரூமில் யார் வண்டி கிளம்பாவிட்டாலும் என்னிடம் வருகிறார்கள். அக்காவிடம் போங்கள் என்று அனுப்புகிறேன். அவருடைய பணி நிரந்தரக் கோப்பு எங்கோ இருக்கிறது. அதற்காக நாங்கள் நான்கு பேர் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தோம். பதில் வரவில்லை.

டிசம்பர் 4, மிக்ஜாம் புயலன்றும் திங்கட்கிழமைதான். சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பியது. தெருவில் முழங்கால் தண்ணீர், போகத்தான் சாலை இல்லை. அம்மாவுக்கு அடுத்த நாள்தான் டயாலிசிஸ் நடந்தது, கால் வீங்கிவிட்டது. அதற்கடுத்த திங்கள் சானட்டோரியம் சிக்னலில் நிற்கும்போது பெரியம்மாவின் நெல் குத்துப் பாட்டைப் போட்டேன். உலக்கை இடிக்க ஆரம்பித்தது. அம்மா கொஞ்சம் கேட்டார். பிறகு என் தோளைத் தட்டினார்.

"சத்தத்தைக் கம்மி பண்ணு. பேட்டரி எறங்கிடும்."

வண்டி ஓடும்போது இறங்காதும்மா என்றேன். கம்பியைச் சரி பண்ணியாகிவிட்டது, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன் என்றேன். அம்மா நம்பவில்லை. நான் சத்தத்தைக் குறைக்கவும் இல்லை.